மாற்றுத்திறனாளிக் குழந்தைகளோடு கலை வகுப்பு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பாட்டு, ஓவியம், நடனம், நாடகம் என ஏதாவது ஒரு கலையைக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாய் வந்து, “என் பையனுக்குப் பேச்சு வராது. ஆனால் பாட்டு என்றால் உயிர். உங்கள் வகுப்பில் சேர்த்துக்கொள்வீர்களா?” என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “அதற்கெல்லாம் எங்களிடம் வசதி இல்லைங்க” என்பதுதான். சொல்கிறவர் மனதில் ஈரம் இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். எங்கே தொடங்குவது என்று தெரியாத தயக்கம்தான் அப்படி வாயில் வருகிறது. அந்தத் தாயிடம் “கூட்டிவாங்க” என்று சொல்ல நினைக்கிறவர்களுக்காக, எதை எந்த வரிசையில் செய்யலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, விளையாட்டிலும் கலையிலும் பண்பாட்டு வாழ்விலும் பங்குகொள்ளும் உரிமை எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு என்கிறது. 2006ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, தன் 30ஆவது பிரிவில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தங்கள் படைப்புத் திறனையும் கலைத் திறனையும் வளர்த்துக்கொள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வாய்ப்பு வேண்டும், அது அவர்களுடைய நன்மைக்காக மட்டுமல்ல, சமூகம் வளம் பெறவும்தான் என்கிறது. ஆகவே அந்தப் பையனைச் சேர்த்துக்கொள்வதைப் புண்ணிய காரியமாக நினைக்க வேண்டாம். உங்கள் வகுப்புக்கு அவன் கொண்டுவரப்போவதும் இருக்கிறது.

கீழே சொல்லப்போகும் சாய்தளம், தூரிகை, சைகை மொழி எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கலாம்: இந்த வகுப்பில் முடிவெடுப்பது யார்? எந்த நிறம், எவ்வளவு சத்தம், எப்போது நிறுத்துவது என்பதைக் குழந்தை தீர்மானித்தால் அங்கே கலை நடக்கிறது. உதவிக்கு வந்தவர் குழந்தையின் கையைப் பிடித்து அழகாக ஒரு சூரியன் வரைந்தால், அது உதவிக்கு வந்தவரின் படம். நாம் செய்யும் ஏற்பாடுகள் எல்லாம் முடிவு குழந்தையின் கைக்குப் போய்ச் சேரத்தான்.

முதல் படி: வகுப்புக்கு முன் பேசுங்கள்

சேர்க்கைப் படிவத்தில் “குறைபாட்டின் பெயர்” என்று ஒரு கட்டம் இருந்தால் அதை நம்பி வகுப்பைத் திட்டமிடாதீர்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம் என்ற பெயர்கள் உங்களுக்குச் சொல்வது கொஞ்சம்தான். ஆட்டிசம் உள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்று டிரம் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடும். இன்னொன்று அந்த டிரம்மை விட்டு நகரவே நகராது.

உங்களுக்குத் தேவையான விவரம் வேறு. இந்தக் குழந்தைக்கு எதில் ஆசை? “சரி”, “வேண்டாம்” என்பதை எப்படிச் சொல்லும்: பேசியா, சைகையிலா, படத்தைத் தொட்டுக் காட்டியா, கண்ணாலா? “போதும்” என்பதை எப்படிக் காட்டும்? சத்தம், வாசனை, தொடுகை இவற்றில் எது தாங்காது? எப்படி உட்கார்ந்தால் கை தாராளமாக அசையும்? கையில் கிடைப்பதை வாயில் வைக்கும் பழக்கம் உண்டா? வலிப்பு வருமா, வந்தால் என்ன செய்ய வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும்? கழிப்பறைக்குப் போக யாருடைய உதவி வேண்டும்?

இந்தக் கேள்விகளைக் குழந்தையின் முகம் பார்த்துக் கேளுங்கள். பதிலைப் பெற்றோர் சொன்னாலும் பரவாயில்லை. உங்கள் பார்வை குழந்தையிடமே இருக்கட்டும். தன்னைப் பற்றித் தன் தலைக்கு மேலே இரண்டு பெரியவர்கள் பேசிக்கொள்வதை அந்தக் குழந்தை எத்தனையோ அறைகளில் கேட்டுச் சலித்திருக்கும். கிடைத்த பதில்களை ஒரே பக்கத்தில், குழந்தையின் வார்த்தைகளில் எழுதி, வகுப்பில் இருக்கப்போகிறவர்கள் மட்டும் படிக்கும்படி வையுங்கள்.

பதின்ம வயதினரிடம் பெற்றோர் இல்லாமலும் கொஞ்சம் பேசுங்கள். “அம்மா பக்கத்தில் உட்கார வேண்டாம்” என்று அவர்கள் சொல்லக்கூடும். அது அவர்களுடைய உரிமை. அறிவுசார் குறைபாடு உள்ள பதினேழு வயது இளைஞரிடம் மழலைப் பாட்டையும் கரடிப் பொம்மை படத்தையும் நீட்டுவது மிகப் பரவலாக நடக்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பொறுப்பதில்லை. அவருடைய வயதினர் கேட்கும் பாட்டையே அவரும் கேட்கிறார், காதலைப் பற்றியும் கோபத்தைப் பற்றியும் அவருக்கும் சொல்ல இருக்கிறது. சொல்லித் தரும் முறையை எளிமையாக்குங்கள், விஷயத்தைச் சிறுபிள்ளைத்தனமாக்காதீர்கள்.

இரண்டாம் படி: இடத்தை அளந்து பாருங்கள்

இடம் பார்க்கப் போகும்போது அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். சாய்தளத்துக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு 1:12. அதாவது 15 செ.மீ. உயரப் படி ஒன்றைக் கடக்க 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். படிமேல் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு “சாய்தளம் இருக்கிறது” என்பது ஆபத்து. கதவு 90 செ.மீ. அகலம் திறந்தால் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் நுழையும். நாற்காலியைத் திருப்ப 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றுத் தரை வேண்டும். மேசைக்கு அடியில் 70 செ.மீ. உயரம் காலியாக இருந்தால்தான் முழங்கால் உள்ளே போகும். இல்லாவிட்டால் குழந்தை நாள் முழுவதும் எட்டி எட்டி வரைய வேண்டியதுதான்.

கழிப்பறையை மறந்துவிடாதீர்கள். அதற்குள் நாற்காலி நுழையாது என்று தெரிந்தால், அந்தக் குழந்தை காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வகுப்புக்கு வரும்.

மாடியில் வகுப்பு, லிஃப்ட் இல்லை என்றால் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். “நாங்கள் தூக்கிக்கொண்டு போகிறோம்” என்பது அன்போடு சொல்லப்படுவதுதான். ஆனால் குழந்தை வளரும், தூக்குபவரின் முதுகு பிடிக்கும், ஒருநாள் கால் வழுக்கும். அதைவிட, எல்லோர் முன்னாலும் மூட்டை போலத் தூக்கிச் செல்லப்படுவதை எந்தப் பதினைந்து வயதுப் பெண்ணும் விரும்ப மாட்டாள்.

கண்ணுக்குத் தெரியாத தடைகளும் உண்டு. எதிரொலிக்கும் அறையில் காது கேட்கும் கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடும்; தரையில் விரிப்பும் சுவரில் கனமான திரையும் இருந்தால் எதிரொலி குறையும். சன்னலுக்கு முன்னால் நின்று பேசினால் உங்கள் முகம் இருட்டாகும், உதட்டசைவைப் படிப்பவருக்கு எதுவும் புரியாது. மினுக்கும், ரீங்கரிக்கும் ட்யூப் லைட் சிலருக்குத் தாங்க முடியாத தொல்லை. அறையின் ஒரு மூலையில் மெத்தையோ தலையணையோ போட்டு அமைதியான இடம் ஒன்று ஒதுக்குங்கள். குழந்தை யாரையும் கேட்காமல் அங்கே போகலாம், வரலாம். தண்டனைக்கு அந்த மூலையைப் பயன்படுத்தக் கூடாது.

முதல் வகுப்புக்கு முன்பே வாசல், அறை, கழிப்பறை, அமைதி மூலை, உங்கள் முகம் ஆகியவற்றைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். தெரியாத இடம் என்ற பதற்றம் பாதி குறையும். பார்வையற்ற குழந்தை என்றால், மற்றவர்கள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வரச் சொல்லி, அறையைத் தொட்டுத் தடவி அறிந்துகொள்ள விடுங்கள். அதன்பின் மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். மாற்றினால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: கருவியைக் குழந்தைக்கு ஏற்றதாக்குங்கள்

விலை உயர்ந்த சாதனங்கள் இல்லாமல் தொடங்க முடியாது என்று நினைக்க வேண்டாம். விரல்கள் இறுகிய குழந்தைக்குத் தூரிகையின் காம்பில் நுரைக் குழாயை மாட்டினால் பிடிமானம் தடிமனாகும். பிடிக்கவே முடியாவிட்டால் துணிப் பட்டையால் தூரிகையை உள்ளங்கையோடு தளர்வாகக் கட்டலாம்; காலில், வாயில், தலைப் பட்டையில் வைத்து வரைபவர்களும் உண்டு. காகிதத்தின் நான்கு மூலையையும் டேப் போட்டு மேசையோடு ஒட்டுங்கள். கிண்ணத்துக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் நழுவாது. பலகையைச் சாய்த்து வைத்தால் கழுத்து வலிக்காது, கை எட்டும். அழுத்திய கையைத் தளர்த்தியதும் தானே திறந்துகொள்ளும் கத்தரிக்கோல் கிடைக்கிறது. கோடு போடக் கை நிலைக்காதவருக்கு ஸ்பாஞ்சும் உருளையும் கொடுத்துப் பாருங்கள்.

பார்வையற்ற குழந்தைக்கு ஓவியம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பி ஒரு துண்டை அட்டையில் இறுக்கமாக ஒட்டுங்கள். அதன்மேல் காகிதத்தை வைத்து மெழுகு கிரேயானால் அழுத்திக் கோடு போட்டால், கோடு சொரசொரப்பாக எழும்பி நிற்கும். வரைந்த கணமே விரலால் தடவித் தன் கோட்டைத் தானே பார்த்துக்கொள்ளலாம். பசையால் கோடு இழுத்துக் காயவிட்டாலும் மேடாக நிற்கும். நிறங்களைத் தொட்டுப் பிரித்தறிய, ஒரு நிறத்தில் மெல்லிய மணலும் இன்னொன்றில் மரத்தூளும் கலக்கலாம். களிமண்ணுக்கு எந்த ஏற்பாடும் தேவையில்லை. வாயில் வைக்கும் பழக்கமுள்ள குழந்தைகள் இருந்தால் நச்சில்லாத வண்ணமும், தொண்டையில் சிக்காத அளவுப் பொருட்களும் மட்டும்தான்.

இசையில் வழிகள் இன்னும் அதிகம். மணிகளை மணிக்கட்டுப் பட்டையில் தைத்துவிட்டால் பிடிக்க வேண்டிய அவசியமில்லை, கை அசைந்தாலே ஒலிக்கும். டிரம்மைக் கையில் கொடுப்பதற்குப் பதிலாகக் குழந்தையின் கை போகும் உயரத்தில் ஸ்டாண்டில் பொருத்துங்கள். கிட்டாரின் தந்திகளை ஒன்றோடொன்று இசையும்படி சுருதி மாற்றிவைத்தால், ஒரு விரலால் வருடினாலே இனிமையான ஒலி வரும். பெரிய பொத்தான் ஒன்றை டேப்லெட்டோடு இணைத்து, தலையைச் சாய்த்தோ முழங்காலால் தட்டியோ இசையைத் தொடங்கவும் நிறுத்தவும் வைக்கலாம். கண் அசைவைக் கொண்டே இசைக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன.

காது கேளாதவர்களுக்கு இசை எதற்கு என்ற கேள்விக்கு ஸ்காட்லாந்தின் எவலின் கிளெனியை விடப் பெரிய பதில் வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனை ஏறக்குறைய முழுவதும் இழந்த அவர், உலகறிந்த தாளக் கலைஞர். அதிர்வைத் தரை வழியாக உணர்வதற்காக வெறுங்காலுடன் வாசிப்பார். உங்கள் வகுப்பிலும் மரத்தரை இருந்தால் குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரட்டும். காற்றடைத்த பலூனை இரு கையாலும் அணைத்துக்கொண்டால் டிரம்மின் அடி உள்ளங்கைக்கு வந்து சேரும். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கை வைக்கவிடுங்கள். பார்வையற்ற குழந்தைக்கு இசையை எழுதிப் படிக்க வேண்டுமானால் பிரெய்ல் இசைக் குறியீடு இருக்கிறது. லூயி பிரெய்ல் தாமே ஆர்கன் வாசிப்பவர். 1829இல், இருபது வயதில் தம் புள்ளி எழுத்து முறையை முதலில் வெளியிட்டபோதே அதில் இசைக்கும் இடம் வைத்திருந்தார்.

நான்காம் படி: காத்திருங்கள், கையை எடுங்கள்

புதிதாக வருபவர்களுக்கு மிகக் கடினமான படி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு சிறுமி. பெருமூளை வாதத்தால் அவள் கை நினைத்த இடத்துக்குப் போவதற்கே நேரம் பிடிக்கும். தூரிகையைத் தடிமனாக்கி, காகிதத்தை ஒட்டி, பலகையைச் சாய்த்து வைத்திருந்தோம். தூரிகை காற்றில் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் காகிதத்தைத் தொட்டது. குறுக்கே ஒரு நீலக் கோடு. உதவிக்கு இருந்த அக்கா, “இங்கே பாரு கண்ணு, இப்படி நேரா” என்று அவள் மணிக்கட்டைப் பிடிக்கப் போனார். சிறுமி முழங்கையால் அவரைத் தள்ளினாள். மறுபடியும் அதே கோட்டின் மேல் அதே நீலம், இன்னும் அழுத்தமாக. பிறகு தூரிகையை நழுவவிட்டு மஞ்சள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளைக் கொடுத்தோம். நீலத்துக்குக் கீழே, கோட்டைத் தொடாமல், மிகக் கவனமாக ஒரு புள்ளி வைத்தாள். அவளுக்குத் திட்டம் இருந்தது. அது வெளியே வர நேரம் தேவைப்பட்டது.

குழந்தையின் கைமேல் நம் கையை வைத்து இழுப்பதற்கு மாற்றாக, பார்வையும் செவியும் இல்லாத குழந்தைகளோடு பணியாற்றுபவர்கள் ஒரு முறையைக் கையாள்கிறார்கள். நம் கையைக் கீழே வைத்து, குழந்தையின் கையை அதன்மேல் வைத்துக்கொள்ளச் சொல்வது. களிமண்ணை நாம் பிசையும்போது குழந்தை அந்த அசைவை உணர்கிறது. பிடிக்காவிட்டால் எந்த நொடியும் கையை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரத்தில்தான் நம்பிக்கை பிறக்கிறது.

கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். படங்களைத் தொட்டுக் காட்டும் பலகையிலோ, தேர்ந்தெடுத்ததைக் குரலாகச் சொல்லும் பேச்சுக் கருவியிலோ பதில் சொல்பவருக்கு அதைவிடவும் அதிகம் தேவைப்படும். அவருடைய வாக்கியத்தை நீங்கள் ஊகித்து முடித்துவைக்காதீர்கள். “என்ன வேண்டும்?” என்ற திறந்த கேள்வி சிலரைத் திகைக்கவைக்கும், அவர்களிடம் இரண்டு பொருளை எதிரெதிரே நீட்டி, எதைத் தொடுகிறார், எதைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். இரண்டையும் தள்ளிவிட்டால் அதுவும் பதில்தான்.

சில நேரம் காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும். அமெரிக்காவில் 1943இல் பிறந்த ஜூடித் ஸ்காட்டுக்கு டவுன் சிண்ட்ரோம். காதும் கேட்காது. ஆனால் காது கேட்காது என்பதை வெகுகாலம் யாரும் கவனிக்கவில்லை, கல்வி கற்கத் தகுதியற்றவர் என்று ஒதுக்கி, முப்பத்தைந்து ஆண்டுகள் காப்பகங்களில் வைத்திருந்தார்கள். இரட்டைச் சகோதரி அவரை மீட்டு, 1987இல் ஓக்லண்டில் உள்ள கிரியேட்டிவ் க்ரோத் என்ற கலைக் கூடத்தில் சேர்த்தார். மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்காக 1974இல் தொடங்கப்பட்ட இடம் அது. அங்கேயும் முதல் இரண்டு ஆண்டுகள் போல வண்ணத்திலும் பென்சிலிலும் அவருக்கு நாட்டம் வரவில்லை. யாரும் அவரை அனுப்பிவிடவில்லை, இன்னதைச் செய் என்று வற்புறுத்தவும் இல்லை. பிறகு நூலும் துணியும் அவர் கைக்குக் கிடைத்தன. கண்ணில் பட்ட பொருட்களை வண்ண நூலால் சுற்றிச் சுற்றி, 2005இல் இறக்கும்வரை அவர் உருவாக்கிய சிற்பங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உங்கள் மாணவர் ஓவியத்தில் ஒட்டவில்லை என்றால் “இவருக்குக் கலை வராது” என்று முடிவுகட்டாமல் பொருளை மாற்றுங்கள்: நூல், கம்பி, கேமரா, மண், குரல், நிழல்.

உதவிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். “படம் அழகாக வர வேண்டியதில்லை. காகிதத்தைப் பிடியுங்கள், வண்ணத்தை அருகில் வையுங்கள், கோடு மட்டும் அவளுடையதாக இருக்கட்டும்” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். வெறும் கையோடு உட்காரச் சங்கடப்படுகிறவர்களுக்கு ஒரு காகிதம் கொடுத்து அவர்களையும் தனியாக வரையச் சொல்லுங்கள். மிக நன்றாக வேலை செய்யும் உத்தி இது.

ஐந்தாம் படி: வகுப்பை நடத்துவது

இன்று என்னென்ன நடக்கும் என்பதை நான்கைந்து படங்களாக வரிசையில் ஒட்டி, முடிந்ததைத் திருப்பிப் போடுங்கள். எல்லா வகுப்பும் ஒரே பாட்டிலோ ஒரே அசைவிலோ தொடங்கி, ஒரே மாதிரி முடியட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. அதைச் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், தொட்டறியவும் கொடுங்கள். காது கேளாத குழந்தை இருந்தால் பேசுவதற்கு முன் கையசைத்தோ விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டோ கவனத்தை ஈர்த்து, ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். சில சைகைகளையாவது எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து கற்கட்டும். பார்வையற்ற குழந்தையிடம் போகும்போது உங்கள் பெயரைச் சொல்லுங்கள், விலகும்போதும் சொல்லிவிட்டு விலகுங்கள். நாள்பட்ட வலியோ களைப்போ உள்ளவர்கள் படுத்துக்கொண்டும், தேவைப்பட்டால் வீட்டிலிருந்து வீடியோ வழியாகவும் சேரலாம்.

நடனத்தில் சொல்லும் விதத்தை மாற்றினாலே பாதி வேலை முடியும். “வலது கையை மேலே தூக்குங்கள்” என்றால் அது சிலரால் முடியாது. “உங்கள் உடம்பில் எது மேலே போக முடியுமோ அது மேலே போகட்டும், புகை போல மெதுவாக” என்றால் ஒருவர் கையைத் தூக்குவார், ஒருவர் தாடையை, இன்னொருவர் புருவத்தை. அசைவின் தன்மையைச் சொல்லுங்கள், உறுப்பைச் சொல்லாதீர்கள். சக்கர நாற்காலி சுழலும், சறுக்கும், சட்டென்று நிற்கும்; காலால் ஆடுபவர்களுக்கு அந்த அசைவுகள் வராது. பிரிட்டனில் 1991இல் தொடங்கிய கேண்டோகோ நடனக் குழுவில் மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சமமாக ஆடுகிறார்கள். அவர்களுடைய காணொளிகளை உங்கள் மாணவர்களோடு சேர்ந்து பாருங்கள். ஆனால் அடுத்தவருடைய நாற்காலியை அவர் அனுமதியில்லாமல் தள்ளவோ தொடவோ கூடாது என்பதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

நாடகத்தில் வசனத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், தேவைப்படுபவருக்குப் பெரிய எழுத்தில் அல்லது ஒலிப்பதிவாக. பேச்சுக் கருவி வழியாகப் பேசுபவர் தன் வசனங்களை அதில் முன்பே பதிந்து வைக்கலாம். மேடையில் அவருக்குத் தேவைப்படும் இடைவெளியை நாடகத்தின் தாளமாகவே அமைத்துவிடுங்கள். பாத்திரம் ஒதுக்கும்போது சக்கர நாற்காலிப் பையனுக்கு எப்போதும் “நோயாளி” வேடம்தானா என்று யோசியுங்கள். ராஜாவும் அவன்தான், வில்லனும் அவன்தான்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: தொடுவதற்கு முன் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். ஒரு குழந்தையோடு மூடிய அறையில் ஒரே ஒரு பெரியவர் இருக்கும் நிலை வரக் கூடாது. வலிப்பு வந்தால் சுற்றியுள்ள பொருட்களை அகற்றி, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஆறாம் படி: மேடையும் பார்வையாளர்களும்

பார்வையாளர் பக்கம் சாய்தளம் கட்டிவிட்டு மேடைக்குப் படிகளை மட்டும் வைத்திருக்கும் அரங்குகள் நிறைய. மாற்றுத்திறனாளிகள் பார்க்க மட்டும்தான் வருவார்கள் என்ற நினைப்பு அந்தக் கட்டடத்திலேயே எழுதியிருக்கிறது. மேடை, ஒப்பனை அறை, பின்புறக் கழிப்பறை மூன்றையும் சரிபார்த்தபின் தேதி குறியுங்கள்.

குழந்தைகள் பார்க்க வரும் நிகழ்ச்சி என்றால் ஒரு காட்சியையாவது தளர்வான முறையில் நடத்துங்கள். அரங்கில் விளக்கை முழுக்க அணைக்காமல் மங்கலாக வைப்பது, ஒலியைக் குறைப்பது, நடுவில் எழுந்து போகவும் திரும்பி வரவும் கதவைத் திறந்து வைப்பது, குரல் எழுப்பினால் யாரும் திரும்பிப் பார்த்து முறைக்காதிருப்பது. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளி எந்தக் காட்சியிலும் வேண்டாம். சிலருக்கு அது வலிப்பை வரவழைக்கும். சக்கர நாற்காலிக்கான இடத்தைக் குடும்பத்தோடு சேர்ந்து உட்காரும்படி ஒதுக்குங்கள். உதவியாளருக்குக் கட்டணம் வேண்டாம்.

பார்வையற்றவர்கள் நிகழ்ச்சிக்கு முன் மேடைக்கு வந்து உடைகளையும் பொருட்களையும் தொட்டுப் பார்க்கட்டும். காட்சியின்போது வசனங்களுக்கு இடையே, மேடையில் நடப்பதை ஒருவர் ஹெட்ஃபோன் வழியாகச் சொல்லலாம். சைகை மொழிபெயர்ப்பாளரை ஓரத்து இருட்டில் நிறுத்தினால், குழந்தை அவரைப் பார்க்குமா நாடகத்தைப் பார்க்குமா? நடிகர்களுக்கு அருகே வெளிச்சத்தில் நிறுத்துங்கள். 1980இல் தொடங்கப்பட்ட, லண்டனில் இயங்கும் மாற்றுத்திறனாளிகளின் கிரேயே நாடகக் குழு சைகை மொழியையும் விவரிப்பையும் வசன எழுத்துகளையும் நாடகத்துக்குள்ளேயே சேர்த்து எழுதுகிறது. கதாபாத்திரமே விவரிக்கும், கதாபாத்திரமே சைகை செய்யும். கடைசி நேரத்தில் ஒட்டவைப்பதைவிட அது அழகாகவும் இருக்கிறது.

ஏழாம் படி: பணமும் ஆட்களும்

சைகை மொழிபெயர்ப்பு, போக்குவரத்து, பெரிய எழுத்துப் பிரதி, கூடுதல் உதவியாளர் எல்லாவற்றையும் பட்ஜெட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். “மீதி இருந்தால் பார்க்கலாம்” என்று விட்டால் மீதி இருக்காது. நீண்ட நிகழ்ச்சிக்கு மொழிபெயர்ப்பாளர்கள் இருவர் வேண்டும், ஏனென்றால் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பாடல் வரிகளையும் வசனத்தையும் அவர்களுக்கு முன்பே அனுப்புங்கள்.

மாற்றுத்திறனாளிக் கலைஞர் ஒருவரை ஆசிரியராகவோ ஆலோசகராகவோ, உரிய சம்பளத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தன்னைப் போன்ற ஒருவர் வகுப்பு நடத்துவதைப் பார்க்கும் குழந்தைக்கு, கலையை வாழ்க்கையாகக் கொள்ளலாம் என்பது தானே தெரிந்துவிடும். “எங்களைப் பற்றி எங்களின்றி எதுவும் இல்லை” என்று மாற்றுத்திறனாளிகள் இயக்கம் முழங்குவது வகுப்பறைக்கும் பொருந்தும்.

அறிவிப்புகளில் பரிதாபத்தை விற்காதீர்கள். “குறையை வென்ற தெய்வக் குழந்தைகள்” என்று நோட்டீஸ் போட்டால் அவர்களுடைய பாட்டை யாரும் பாட்டாகக் கேட்க மாட்டார்கள். படம் எடுக்கவும் பகிரவும் பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது. குழந்தையிடமும் படத்தைக் காட்டிக் கேளுங்கள். ஓவியத்தின் கீழே வரைந்தவர் பெயர் இருக்கட்டும். விற்றால் பணம் வரைந்தவருக்குப் போக வேண்டும்.

எட்டாம் படி: திரும்பக் கேளுங்கள்

வகுப்பு முடிந்ததும் பெற்றோரிடம் “எப்படி இருந்தது?” என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அன்று செய்த வேலைகளின் படங்களைப் பரப்பி, “மறுபடி வேண்டும்”, “வேண்டாம்” என்று இரண்டு பெட்டிகளில் குழந்தையையே போடச் சொல்லுங்கள். கையால் எடுக்க முடியாதவர் கண்ணால் காட்டட்டும். பதின்ம வயதினரிடம் வகுப்புத் திட்டத்தையே காட்டித் திருத்தச் சொல்லுங்கள். கிடைக்கும் பதில்களில் குறைந்தது ஒன்றை அடுத்த வகுப்புக்குள் மாற்றிவிடுங்கள். மாற்றியதை அவரிடம் சொல்லவும் வேண்டும்: “போன தடவை ஃபேன் சத்தம் பிடிக்கவில்லை என்று காட்டினாய். இன்று அதை நிறுத்திவிட்டேன். இப்போது எப்படி இருக்கிறது?”